போலீசும் துணைப்பணியாளரும் பாதிக்கப்பட்டவரை எப்படிப் பார்க்கிறார்கள்: 60 + 60 பேர், ஒரு கேள்வித்தாள் போதுமா?

முதுகலை_மாணவி

குற்றவியல் எம்.ஏ. ஆய்வேடு. பாலியல் வன்கொடுமைப் புகாரோடு வரும் பெண்ணைக் காவலர்களும், அவருக்குத் துணை நிற்கும் பணியாளர்களும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒப்பிடுவதுதான் தலைப்பு. இப்போதைய திட்டம் இது: காவலர்கள் 60 பேர், ஒருங்கிணைந்த சேவை மையத்தின் கேஸ் ஒர்க்கர்களும் போக்சோ துணை நபர்களும் சேர்ந்து 60 பேர். இல்லினாய் அளவுகோலின் (பாலியல் வன்கொடுமை பற்றிய தவறான நம்பிக்கைகளை, அதாவது 'கட்டுக்கதைகளை', ஒருவர் எவ்வளவு ஏற்கிறார் என்று அளப்பது) 22 கூற்றுகளைத் தமிழாக்கி, கூகுள் ஃபார்மில் கொடுத்து, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி டெஸ்ட் போட்டு முடிப்பது.

என் சந்தேகங்கள். 60 போதுமா? இந்த அளவுகோல் நம் ஊருக்குப் பொருந்துமா? எல்லோரும் 'நல்ல' பதிலையே டிக் அடித்துவிட்டால் என்ன செய்வது? கைடு கேட்பது வேறு: "போலீஸ் மோசம், கவுன்சலர் நல்லவர் என்றுதான் முடிவு வரும், அதில் புதிதாக என்ன இருக்கு?" இதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை.

அளவுகோல்

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். நடுத்தர அளவு வித்தியாசம் (வித்தியாசத்தின் அளவைச் சொல்லும் கோஹன் டி 0.5) இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஒரு குழுவுக்கு 64 பேர் வேண்டும். வித்தியாசம் 0.3தான் என்றால் குழுவுக்குச் சுமார் 175 பேர். நீங்கள் ஒப்பிடும் இரண்டு குழுக்களுக்கு நடுவே வித்தியாசம் பெரிதாகவே வரும் என்பதால் 64 தாங்கும். பத்துப் பேரைக் கூடுதலாக எடுங்கள், பாதியில் விட்டுப்போன தாள்கள் வரும்.

சிக்கல் அந்த வித்தியாசத்துக்கு என்ன பொருள் என்பதில் இருக்கிறது. சேவை மையப் பணியாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள், சமூகப்பணியோ உளவியலோ படித்தவர்கள். காவல் நிலையத்தில் கிடைக்கும் 60 பேரில் பெரும்பாலோர் ஆண்கள். இந்த அளவுகோல்களில் கட்டுக்கதையை ஏற்பது பெண்களிடம் சராசரியாகக் குறைவாகத்தான் வரும். அப்படியென்றால் நீங்கள் அளந்தது தொழிலையா, பாலினத்தையா? காவலர் மாதிரியில் பாதியையாவது அனைத்து மகளிர் காவல் நிலையங்களிலிருந்து எடுங்கள். பதவி, சர்வீஸ் வருடம், இதுவரை கையாண்ட பாலியல் வழக்குகளின் எண்ணிக்கை, பயிற்சி எடுத்தாரா என்ற நான்கையும் கேட்டுவிட்டு, டி டெஸ்டை விட்டு, ஒவ்வொரு காரணியின் பங்கையும் பிரித்துக் காட்டும் பின்னடைவுப் பகுப்பாய்வுக்கு (ரிக்ரெஷன்) போங்கள்.

இனி அளவுகோல். மார்த்தா பர்ட் 1980இல் போட்ட அளவுகோலின் வழிவந்ததுதான் இல்லினாய். 1999இல் 45 கூற்றுகளோடு வந்தது, 2011இல் மெக்மேனும் ஃபார்மரும் 22 ஆக்கினார்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறைய பேர் விழுந்திருக்கிறார்கள். 1999 வடிவத்தில் மதிப்பெண் கூடினால் கட்டுக்கதையை ஏற்கிறார் என்று பொருள். 2011 வடிவத்தில் 1 என்றால் முழு உடன்பாடு, 5 என்றால் முழு மறுப்பு, ஆகவே மதிப்பெண் கூடினால் கட்டுக்கதையை மறுக்கிறார். ஒன்றிலிருந்து விதியை எடுத்து இன்னொன்றின் கூற்றுகளோடு சேர்த்தால் முடிவு தலைகீழாக வரும், அட்டவணையைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

பொருத்தம் என்று பார்த்தால், 22 கூற்றுகளும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து எழுதியவை. பார்ட்டி, குடி, தனியாக ஒருவன் அறைக்குப் போவது. நம் நிலையத்தில் புழங்கும் சந்தேகங்களே வேறு: "லவ் மேட்டர், வீட்டுக்குத் தெரிஞ்சதும் கேஸ்", "நிலத் தகராறுக்கு இப்படி ஒரு புகார்", "கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி மிரட்ட". இவற்றைத் தொடாத கேள்வித்தாளில் நம் காவலர் நல்ல மார்க் வாங்கிவிடுவார். 10 பேரிடம் முதலில் திறந்த நேர்காணல் எடுத்து, அவர்கள் வாயில் வரும் வாக்கியங்களிலிருந்தே 8–10 கூற்று எழுதிச் சேருங்கள்.

மொழிபெயர்ப்புக்கு: இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவது, உட்கார்ந்து ஒன்றாக்குவது, மூலம் பார்க்காத மூன்றாமவர் ஆங்கிலத்துக்குத் திருப்புவது, ஐந்தாறு பேரிடம் "இந்த வரியை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வது, பிறகு 30 பேரிடம் முன்னோட்டம். எதிர்மறைக் கூற்றுகளைத் தவிருங்கள். "அவள் எதிர்க்கவில்லையென்றால் அது வன்கொடுமை ஆகாது" என்ற வரிக்கு எதிரே "உடன்படவில்லை" என்ற கட்டம் இருந்தால், படிக்கிறவர் மூன்று இல்லைகளை மனதில் கூட்டிக் கழிக்க வேண்டும். ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதன் அளவு) இறங்குவது பெரும்பாலும் இங்கேதான். இன்னொன்று, தாளில் 'அட்வகேட்' என்று போடாதீர்கள், வக்கீல் என்றே படிப்பார்கள். 'துணைப்பணியாளர்' போதும்.

எல்லோரும் நல்ல பதில் சொல்லும் பிரச்சினை பழையதுதான். கூற்றுகள் பச்சையாக இருந்தால் மதிப்பெண்கள் எல்லாம் மறுப்பு முனையிலேயே குவியும். அதற்காகத்தான் ஜெர்மனியில் கெர்கரும் சகாக்களும் 2007இல் 30 கூற்றுகளோடு, 7 படிகளில், நாசூக்கான கட்டுக்கதைகளைப் பிடிக்கும் இன்னொரு அளவுகோலைச் செய்தார்கள். அதையும் பாருங்கள்.

பழையகட்டு

மேலே 'அளவுகோல்' எழுதினது எல்லாம் சரி. ஆனா கேள்வித்தாள்லயே நின்னா உங்க கைடு கேட்டதுக்குப் பதில் வராது.

மனசுல இருக்கிறது வேற, கையில நடக்கிறது வேற. 2001இல் லான்ஸ்வே, வெல்ச், ஃபிட்ஸ்ஜெரால்ட் மூணு பேரும் அமெரிக்காவில் போலீஸ் பயிற்சியை மதிப்பிட்டாங்க. பயிற்சி எடுத்தவங்க ஒத்திகை விசாரணையில் பாதிக்கப்பட்டவரிடம் நல்லாக் கேள்வி கேட்டாங்க. ஆனா மனப்பான்மை மதிப்பெண் மாறல. அப்போ மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தா "பயிற்சி வீண்"னு எழுதியிருப்பாங்க.

எழுத்துல என்ன இருக்குன்னு பார்த்த ஆய்வு ஒண்ணு இருக்கு. 2009இல் டெட்ராய்ட் போலீஸ் கிடங்கில் சுமார் 11,000 பாலியல் வன்கொடுமைத் தடயப் பெட்டிகள், பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கே போகாதவை, கண்டுபிடிக்கப்பட்டன. அதை ஒட்டி ஷா, கேம்பெல் குழு 248 போலீஸ் பதிவுகளை வரிவரியாப் படிச்சு 2017இல் வெளியிட்டாங்க. பதிவில் வரும் பழிச்சொற்களை மூணா பிரிச்சாங்க: சம்பவத்தைப் பத்தினது (காயம் இல்ல, போராடல), ஆளைப் பத்தினது (குடிப்பா, இந்தத் தொழில் செய்யறவ), விசாரணையைப் பத்தினது (போன் எடுக்கல, ஒத்துழைக்கல). மூணாவதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு அளவுகோல்லயும் அதுக்குக் கூற்று கிடையாது. போலீஸ் ஒருதரம் போன் பண்ணி அவங்க எடுக்கலைன்னா "ஒத்துழைக்கவில்லை"ன்னு எழுதி வழக்குக் கட்டை மூடலாம், படிக்கிறவனுக்கு நடுநிலையான வாக்கியமாத்தான் தெரியும்.

நம்ம ஊர்லயும் இந்த மாதிரி எழுத்து இருக்கும். புகாரை ரைட்டர் (நிலையத்தில் எழுத்துவேலை பார்க்கிற காவலர்) எழுதும்போது "மேற்படி நபருடன் ஏற்கனவே பழக்கம் உள்ளவர்"னு ஒரு வரி சேர்றது. "பதற்றமின்றிப் பதில் கூறினார்" இன்னொண்ணு. இப்படி வரிகளுக்கு ஒரு குறியீட்டுத் தாள் போட்டு, ரெண்டு பேர் தனித்தனியாக் குறிச்சு, கப்பா (ரெண்டு பேர் குறிச்சதும் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற அளவு) 0.7க்கு மேல வருதான்னு பாருங்க.

இன்னொரு விஷயம். "எஃப்.ஐ.ஆர். போடுவீர்களா?"ன்னு தாள்ல கேட்காதீங்க. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதியாம விடுறது பாரதிய நியாய சன்ஹிதா 199ஆம் பிரிவில் (பழைய ஐ.பி.சி. 166ஏ) குற்றம். "போடமாட்டேன்"னு டிக் அடிச்சா அது ஒப்புதல் வாக்குமூலம். நூத்துக்கு நூறு "போடுவேன்"தான் வரும், அந்தக் கேள்வி செத்துப்போச்சு. அதுக்குப் பதிலா "இந்தப் புகார் வந்தால் அடுத்த 24 மணி நேரத்தில் வரிசையாக என்னென்ன செய்வீர்கள்?"னு நாலு கோடு விட்டுக் கேளுங்க. முதல் கோட்டுல மருத்துவப் பரிசோதனை வருதா, எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) செல்போன் வருதா, இல்ல "அக்கம்பக்கத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிப்பேன்" வருதா? பார்வை அந்த வரிசையில் இருக்கு.

சி.எஸ்.ஆர். ரசீது ஒரு நல்ல அடையாளம். புகார் வாங்கினதுக்குச் சீட்டு கொடுத்துட்டு, எஃப்.ஐ.ஆர். எத்தனை நாள் கழிச்சு வந்துச்சுங்கிற இடைவெளி தேதியில தெரியும். தேதி பொய் சொல்லாது, சொன்னாலும் கண்டுபிடிக்கலாம்.

முதுகலை_மாணவி

நன்றி, இருவருக்கும். இரண்டு சந்தேகம். வழக்குக் கட்டுகளை எனக்கு யார் காட்டுவார்கள்? பாலியல் வழக்கு எஃப்.ஐ.ஆர். இணையத்திலும் வராதே. அடுத்தது, 'பொய்ப் புகார்' பற்றிக் கேட்கலாமா? முன்னோட்ட நேர்காணலில் எல்லோரும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள்.

பழையகட்டு

எஃப்.ஐ.ஆர். வராதது சரிதான். உணர்வுபூர்வமான வழக்குகளை இணையத்தில் ஏத்த வேண்டாம்னு உச்ச நீதிமன்றமே 2016இல் சொல்லியிருக்கு. ஆனா தீர்ப்புகள் நீதிமன்றங்களோட இ-கோர்ட்ஸ் இணையதளத்துல கிடைக்கும். புகார் தேதி, வழக்குத் தேதி, தாமதத்துக்கு அரசுத் தரப்பு சொன்ன காரணம், குறுக்கு விசாரணை, எல்லாம் அதுல இருக்கு. கோர்ட் வரைக்கும் வந்த வழக்கு மட்டுமே இதுல வரும்கிறதை வரம்பா எழுதிடுங்க. நடுவுல மூடினது இதுல வராது. பெயர், ஊர், பள்ளி எதையும் குறிப்பில் எடுக்காதீங்க. நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடத் தடை, சிறுவர்னா போக்சோ 23ம் சேரும்.

பொய்ப் புகார் பத்திக் கேட்கலாம், ஆனா ரெண்டு கேள்வியா. முதல்ல "நூறு புகாரில் எத்தனை பொய்?" அப்புறம் "எது இருந்தால் பொய் என்று முடிவு செய்வீர்கள்?" ரெண்டாவதுலதான் சரக்கு இருக்கு. சாட்சி பிறழ்ந்தது, சமரசம் ஆனது, ஆதாரம் போதாதது, புகார்தாரர் பின்வாங்கினது எல்லாத்தையும் நிறைய பேர் 'பொய்'ங்கிற ஒரே சாக்குல போடுவாங்க. என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்றப் பதிவகம்) அட்டவணையிலேயே 'பொய்', 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', 'உண்மை ஆனால் ஆதாரம் போதாது'ன்னு தனித்தனிப் பத்தி. ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை மேலே நடத்தாம முடிக்கிறோம்னு புகார்தாரருக்குப் போலீஸ் அனுப்புறது) போனாலே பொய் வழக்குன்னு அர்த்தம் இல்ல.

ஒப்பிட எண் வேணும்னா: பிரிட்டன் உள்துறைக்காக 2005இல் கெல்லி, லவ்வெட், ரீகன் பார்த்ததில் போலீஸ் 'பொய்'னு குறிச்சது 8 சதவீதம். போலீசோட சொந்த விதிப்படியே சலிச்சுப் பார்த்தா 3 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. அமெரிக்காவில் லிசாக் குழு 2010இல் ஒரு பல்கலைக்கழகத்தின் பத்து வருஷப் புகார் 136ஐ எடுத்ததில் 8, அதாவது 5.9 சதவீதம். இந்தியாவில் 2019ஆம் வருஷக் காவல்துறை நிலை அறிக்கை (காமன் காஸ், லோக்நிதி) 21 மாநிலங்களில் சுமார் 12,000 காவலர்களைக் கேட்டதில், பெண்கள் மீதான வன்முறைப் புகார்கள் பெருமளவு பொய்யானவைன்னு நினைக்கிறவங்க ஐந்தில் ஒருத்தர். இது கருத்து, முன்னது வழக்கு எண்ணிக்கை. ரெண்டையும் ஒரே வரைபடத்துல பக்கத்துல பக்கத்துல போட்டுடாதீங்க, புறத்தேர்வாளர் முதல் கேள்வியே அதுலதான் கேட்பார்.

கதைத்தாள்

கட்டு கிடைக்காவிட்டால் விக்னெட் இருக்கிறது. ஒரே கதையில் ஓரிரு விவரத்தை மட்டும் மாற்றி ஆளுக்கு ஆள் வேறு வடிவம் கொடுப்பது. உங்கள் தலைப்புக்கு மூன்று காரணிகள் போதும்: எதிரி தெரிந்தவனா தெரியாதவனா, புகார் அன்றேயா மூன்று வாரம் கழித்தா, சொல்லும்போது அழுதாரா அமைதியாக இருந்தாரா. 2 × 2 × 2, மொத்தம் 8 வடிவம்.

எட்டையும் ஒருவரிடம் கொடுத்தால் இரண்டாவது கதையிலேயே சூட்சுமம் தெரிந்துவிடும். நான்கு நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு தொகுப்பு கொடுங்கள். பிரிக்கும்போது மூன்று காரணியும் சேர்ந்த ஊடாட்டத்தை (மூன்றும் ஒன்றை ஒன்று மாற்றும் விளைவை) மட்டும் பலிகொடுக்கும்படி பிரிக்கலாம், புள்ளியியல் துறையில் யாரைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் போட்டுத் தருவார்கள். 120 பேர், ஆளுக்கு 4, மொத்தம் 480 மதிப்பீடுகள். ஒருவருடைய நான்கு பதில்களும் ஒட்டி வரும் என்பதால் பன்மட்ட மாதிரி (மல்டிலெவல் மாடல்) போட வேண்டும், 480 தனி ஆட்கள் போலக் கணக்கிடக் கூடாது. பின்னணிக் கதை நான்கு வேண்டும் (பேருந்து நிலையம், கம்பெனி ஷிஃப்ட், உறவினர் வீடு, டியூஷன் என்பது போல). அவற்றையும் சுழற்ற வேண்டும். இல்லையென்றால் அழுததால் வந்த விளைவா, பேருந்து நிலையத்தால் வந்த விளைவா என்று பிரிக்க முடியாது.

கதை 120 சொல்லுக்குள் இருக்கட்டும். மாறும் வரி இப்படி இருக்கலாம்: "சொல்லும்போது பலமுறை அழுதார், இடையில் பேச முடியாமல் நிறுத்தினார்." இன்னொரு வடிவத்தில்: "கேட்ட கேள்விகளுக்கு நிதானமான குரலில் பதில் சொன்னார்." கவனியுங்கள், "உணர்ச்சியே இல்லாமல்" என்று எழுதவில்லை. அந்தச் சொல்லே தீர்ப்பைச் சொல்லிவிடும்.

அழுகையை ஏன் சேர்க்கிறோம்? நார்வேயில் ஒரே வாக்குமூலத்தை நடிகை ஒருவர் வெவ்வேறு உணர்ச்சியோடு சொல்லும் வீடியோவாக எடுத்துக் காட்டினார்கள். வார்த்தை ஒன்றே. எதிர்பார்த்தபடி அழுதவரைப் புலனாய்வு அதிகாரிகளும் கூடுதலாக நம்பினார்கள். தொழில்முறை நீதிபதிகளிடம் அந்த விளைவு தெரியவில்லை. சுவீடனில் ஆஸ்க், லாண்ட்ஸ்ட்ரோம் 2010இல் பயிற்சிக் காவலர்களிடம் பார்த்ததிலும் அழுதவருக்கே நம்பகம் கூடியது. 'பாதிக்கப்பட்டவர் இப்படித்தான் இருப்பார்' என்ற எதிர்பார்ப்பு மீறப்படுவதும், இரக்கம் எழுவதும் எழாததும் சேர்ந்து வேலை செய்கின்றன. உங்கள் கைடுக்கான பதில் இங்கே இருக்கிறது. "யார் நல்லவர்?" என்று கேட்காமல், "எந்தக் குழுவை அழுகை எவ்வளவு அசைக்கிறது?" என்று கேளுங்கள். துணைப்பணியாளரும் அதே அளவு அசைந்தால் அது எழுதத்தக்க முடிவு.

துணை_நாற்காலி

கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். துணைப்பணியாளரைத் துலாக்கோலாக வைத்துப் போலீசை நிறுப்பதுதான் இந்த ஒப்பீடுகளில் வழக்கமாக நடக்கும் தப்பு. நில்ஸ் கிறிஸ்டி 1986இல் சொன்ன 'இலட்சியப் பாதிக்கப்பட்டவர்' (பலவீனமானவர், மரியாதையான வேலையில் இருந்தவர், இருக்கக் கூடாத இடத்தில் இல்லாதவர், எதிரி பெரியவன், முன்பின் தெரியாதவன்) என்ற அச்சு இவர்களிடமும் உண்டு, வேறு உருவத்தில். அமெரிக்கக் காப்பகங்களை ஆராய்ந்த டொனிலீன் லோசேகி காட்டியது அதுதான்: 'அடிபட்ட பெண்' என்று பணியாளர்கள் மனதில் வைத்திருந்த படத்தோடு ஒத்துப்போகாதவர் வாசலிலேயே தகுதி இழந்தார். நம் ஊரில் அது எப்படி வரும்? "இத்தனை தடவை சொல்லியும் அவன்கிட்டயே திரும்பிப் போயிட்டா." "கவுன்சலிங் வராமல் பணம் மட்டும் கேட்கிறா." இந்தக் கூற்றுகளையும் தாளில் சேருங்கள். 22 கூற்றில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் எடுப்பார், ஏனென்றால் பயிற்சி வகுப்பில் எழுதிப் போட்டதே அந்தக் கூற்றுகள்தான்.

ஆட்களைத் தேர்வு செய்வதிலும் கவனம். அமெரிக்காவில் 1972 முதல் வந்த வன்கொடுமை உதவி மையங்கள் போலீசுக்கு வெளியே நிற்பவை. காவல் நிலையத்திலோ அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலோ சம்பளம் வாங்கும் துணைப்பணியாளர்கள் வேறு வகை. முதல் வகையிடம் சொல்வதற்குப் பல மாநிலங்களில் சட்டப்படி ரகசியக் காப்பு உண்டு. இரண்டாம் வகையினர் அரசுத் தரப்பின் அங்கம், அவர்களுக்குத் தெரிந்தது எதிர்த்தரப்புக்கும் போக வேண்டியிருக்கலாம். இந்த இரு வகையும் பாதிக்கப்பட்டவரைப் பார்க்கும் கோணம் ஒன்றல்ல. ஒருங்கிணைந்த சேவை மையம் 2015இல் வந்த அரசுத் திட்டம், போக்சோ துணை நபரை நியமிப்பது குழந்தைகள் நலக் குழு. ஆகவே உங்கள் 60 பேரும் இரண்டாம் வகைக்கே நெருக்கமானவர்கள். அமெரிக்க முடிவுகளோடு ஒப்பிடும்போது இதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு விழுந்துவிடும். தன்னார்வ அமைப்புகளிலிருந்து 20 பேரையாவது தனிக் குழுவாகச் சேர்க்கப் பாருங்கள்.

காலமும் முக்கியம். காவலர் அவரைப் பார்ப்பது முதல் சில மணி நேரத்தில், கதை கோவையாக வராத நேரத்தில். பணியாளர் மூன்றாம் வாரமும் பார்க்கிறார், ஆறாம் மாதமும் பார்க்கிறார். பின்வாங்கியவரைப் போலீஸ் 'பிறழ்ந்தவர்' என்று நினைவில் வைத்திருக்கும், பணியாளருக்கோ அந்த வீட்டில் நடந்த மிரட்டல் தெரியும். "கடைசியாகக் கையாண்ட நபரை முதலில் எப்போது பார்த்தீர்கள், எத்தனை முறை?" என்று ஒரு கேள்வி வையுங்கள்.

பாதிக்கப்பட்டவரையும் அவரைக் கையாண்டவர்களையும் ஒரே வழக்கில் கேட்ட ஆய்வுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் ரெபெக்கா கேம்பெல் 2005. மருத்துவமனைக்கு வந்த 81 பெண்களையும், அவர்களைக் கையாண்ட காவலர்களையும் மருத்துவர்களையும் தனித்தனியாகக் கேட்டார். என்னென்ன சேவை கொடுக்கப்பட்டது என்பதில் இரு தரப்பும் பெருமளவு ஒத்துப்போனார்கள். தங்கள் நடத்தை அந்தப் பெண்ணை எவ்வளவு வருத்தியது என்பதைத்தான் காவலரும் மருத்துவரும் குறைத்து மதிப்பிட்டார்கள். செய்ததை ஒளிக்கவில்லை, அதன் விளைவு அவர்கள் கண்ணில் படவில்லை. 2006இல் அவரே இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டபோது, துணைப்பணியாளர் உடனிருந்த பெண்களிடம் போலீஸ் புகார் எழுதி வாங்கியது கூடுதல், கடுமையாக நடத்தியது குறைவு. பாதிக்கப்பட்டவர்களை நேரில் கேட்பது எம்.ஏ. நிலையில் வேண்டாம், நெறிமுறைக் குழு விடாது, விடவும் கூடாது. ஆனால் உங்கள் தாளில் "நீங்கள் கேட்ட எந்தக் கேள்வி அவரை அதிகம் வருத்தியிருக்கும்?" என்று இரு குழுவையும் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நேர்காணலில் யாராவது ஒரு சிறுவர் வழக்கைச் சொல்லி, அது இன்னும் புகாராகவில்லை என்று தெரிந்தால், போக்சோ 19 உங்களையும் பிடிக்கும். ஒப்புதல் படிவத்திலேயே அதை எழுதி, நேர்காணல் தொடங்கும் முன் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

முதுகலை_மாணவி

திட்டத்தை மாற்றிவிட்டேன். காவலர் 70 (பாதி மகளிர் நிலையம்), சேவை மையமும் போக்சோவும் 50, தன்னார்வ அமைப்பு 20. விக்னெட் 4, கூற்றுகள் 12, "24 மணி நேரம்" திறந்த கேள்வி. எஸ்.பி. அலுவலகத்துக்குக் கடிதம் அடுத்த வாரம். அனுமதி வந்ததும் கூகுள் ஃபார்ம் இணைப்பை நிலைய வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் அல்லவா?

பழையகட்டு

வேண்டாம். குழுவில் போட்டா இன்ஸ்பெக்டர் முதல்ல நிரப்புவார், அப்புறம் எல்லாரும் அவரைக் கேட்டு நிரப்புவாங்க. ரோல் கால்ல தாள் கொடுத்தா இன்னும் மோசம், ரைட்டர் ஒரே கையெழுத்துல பத்துத் தாள் முடிச்சுக் கொடுத்துடுவார். கடிதத்தோட கேள்வித்தாள் நகலையும் இணைங்க, நிலையத்தின் பெயர் ஆய்வேட்டில் வராதுன்னு ஒரு வரி சேருங்க. பணி மாறுற நேரத்தில், நிலையத்துக்கு வெளிய ஒரு அறையில், ஆளுக்கு 25 நிமிஷம். தாளை அவரே உறையில போட்டு ஒட்டி, பூட்டின பெட்டியில போடட்டும். பதவி, சர்வீஸ் வருஷம், பாலினம் மூணையும் ஒரே தாள்ல கேட்டா சின்ன நிலையத்துல ஆளைக் கண்டுபிடிச்சுடலாம், அதனால சர்வீஸை 5 வருஷ இடைவெளியா வைங்க.